பிராசஸரைப் பாழாக்காமல் ஓவர்கிளாக் செய்வது எப்படி?

ஓவர்கிளாக் (பிராசஸரைத் தயாரிப்பாளர் வைத்ததைவிட அதிக வேகத்தில் ஓட்டுவது) செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த வேகத்தில் ஓட எத்தனை வோல்ட் வேண்டும், அதனால் கிளம்பும் சூட்டை உங்கள் கூலரால் வெளியே தள்ள முடிகிறதா, பிராசஸரின் ஆயுள் இந்த இரண்டில்தான் இருக்கிறது. வேகம் தாங்காவிட்டால் கணினி உறைந்து நிற்கும், இல்லையென்றால் ரீஸ்டார்ட் ஆகும், ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். வோல்ட்டேஜ் மிஞ்சினால் சிலிக்கானுக்குள் ஏற்படும் தேய்மானத்தைத் திருப்பவே முடியாது.

கணக்கு எளிது. பிராசஸர் இழுக்கும் மின்சக்தி வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், வோல்ட்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும். 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருப்பதை 5.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் என்று மாற்றினால் வேகம் கூடுவது 6 சதவீதம் சொச்சம்தான், மின்சக்தியோ சுமார் 35 சதவீதம் கூடிவிடும். வோல்ட்டேஜைத் தொடாமல் அதே 5.0 கிடைத்திருந்தால் மின்சக்தியும் 6 சதவீதத்தோடு நின்றிருக்கும். இதற்கு மேல், சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்களில் கசியும் மின்சாரமும் கூடும், அது இன்னும் சூட்டைக் கிளப்பும். அதிக மின்னோட்டமும் சூடும் சேர்ந்து நீண்ட நாள் ஓடும்போது சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய உலோகக் கம்பிகளின் அணுக்கள் மெல்ல மெல்ல இடம்பெயர ஆரம்பிக்கும். ஒரு வருடத்துக்கு முன்னால் 1.28 வோல்ட்டில் நன்றாக ஓடிய செட்டிங் இப்போது 1.31 கேட்கிறது என்றால் பெரும்பாலும் இப்படி ஏதோ தேய்மானம்தான் காரணம்.

இது ஓவர்கிளாக் செய்தவர்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில், யாரும் எதையும் ஏற்றாமலேயே, பிராசஸர் கேட்டு வாங்கிய அதிக வோல்ட்டேஜால் சிப் தேய்ந்து கேம்கள் கிராஷ் ஆயின. 2024 ஆகஸ்டில் வந்த 0x129 மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள்) 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி வரம்பு வைத்தது, அந்த மாடல்களுக்கு உத்தரவாதமும் 2 வருடம் நீட்டிக்கப்பட்டது. உங்களிடம் இருப்பது அந்தத் தலைமுறை என்றால் அந்த மைக்ரோகோடு உள்ள புதிய பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) போடாமல் ஓவர்கிளாக் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். 1998இல் வந்த செலரான் 300ஏ பிராசஸரை, பஸ் வேகத்தை (பிராசஸரின் வேகத்துக்கு அடிப்படையான கிளாக்) 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியே 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். ஒரே மாற்றத்தில் 50 சதவீதம்! அந்தக் காலம் போய்விட்டது. இன்றைய பிராசஸர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தங்கள் எல்லைக்குப் பக்கத்தில் ஓடுகின்றன, கையால் ஏற்றி எடுக்கக்கூடியது பல நேரங்களில் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். வீடியோ என்கோடிங், ரெண்டரிங் மாதிரி எல்லா கோரையும் நிரப்பும் வேலைக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். 4கே கேமில் கிராபிக்ஸ் கார்டுதான் தடை என்பதால் பிராசஸரை ஏற்றியும் பெரிய வித்தியாசம் தெரியாது.

உங்கள் பிராசஸர் இதற்கு இடம் கொடுக்கிறதா?

இன்டெலில் பெயரின் கடைசியில் கே, கேஎஃப், கேஎஸ் என்று இருந்தால்தான் மல்டிப்ளையர் (அடிப்படை கிளாக்கைப் பெருக்கி வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) திறந்திருக்கும், கூடவே மதர்போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும், இசட்690, இசட்790, இசட்890 மாதிரி. பி வரிசை போர்டில் கே பிராசஸரைப் பொருத்தினாலும் கோர் வேகத்தை ஏற்ற முடியாது. ஏஎம்டியில் டெஸ்க்டாப் ரைசன்கள் அநேகமாக எல்லாமே திறந்தவை, பி650, எக்ஸ்670 மாதிரி போர்டுகளில் தாராளமாகச் செய்யலாம், ஏ320, ஏ520, ஏ620 மாதிரி போர்டுகள் கோர் ஓவர்கிளாக்குக்கு இல்லை. எக்ஸ்3டி பிராசஸர்களில் கவனம் வேண்டும். 5800எக்ஸ்3டி பூட்டப்பட்டது, 7800எக்ஸ்3டியில் மல்டிப்ளையரைத் தொட முடியாது ஆனால் கர்வ் ஆப்டிமைசர் (வோல்ட்டேஜைப் படிப்படியாகக் குறைக்கும் வசதி) உண்டு, 9800எக்ஸ்3டி முழுவதும் திறந்தது.

பிராசஸரைவிட நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது மதர்போர்டின் விஆர்எம் பகுதியைத்தான். பிராசஸருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுப்பது அதுதான். அதன்மேல் ஹீட்சிங்க்கே இல்லாத போர்டில் 200 வாட் இழுக்கும் பிராசஸரை ஏற்றப் பார்ப்பது வேண்டாத வேலை, பிராசஸர் தாங்கினாலும் விஆர்எம் சூடாகி வேகத்தை இறக்கிவிடும். பவர் சப்ளை நல்ல தரமானதாக, கொஞ்சம் மிச்சம் உள்ளதாக இருக்கட்டும். உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, ஓவர்கிளாக்கால் வந்த சேதத்தைத் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை, பிபிஓவை (பூஸ்ட்டின் சக்தி வரம்புகளைத் தளர்த்தும் ஏஎம்டி வசதி) இயக்குவதற்கும் இது பொருந்தும் என்று ஏஎம்டியே எச்சரிக்கை காட்டுகிறது.

தொடங்கும் முன்

முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை, நிலையில்லாத கணினி எழுதும்போது தவறாக எழுதும், கிராஷ் ஆகாமலேயே கோப்பு கெட்டுப்போகும். பிறகு பயாஸைப் புதுப்பித்து, எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவையும் (மெமரியை வேகமாக ஓட்டும் தயார் செட்டிங்குகள்) தற்காலிகமாக அணைத்துவிடுங்கள். மெமரியும் பிராசஸரும் ஒரே சமயத்தில் ஏற்றப்பட்டிருந்தால் கிராஷ் வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. மதர்போர்டு தயாரிப்பாளர்கள் தாங்களாகவே இயக்கி வைத்திருக்கும் மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் மாதிரி அம்சங்களையும் அணையுங்கள், அவை பவர் லிமிட்டைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்திருக்கும். ஒரே கிளிக்கில் ஓவர்கிளாக் செய்து தருகிறோம் என்ற பொத்தான்கள் பக்கம் போகவே வேண்டாம். எந்தச் சிப்பிலும் ஓட வேண்டும் என்பதற்காக அவை தேவைக்கு மேல் வோல்ட்டேஜைக் கொட்டும்.

அப்புறம் வெப்பம், வோல்ட்டேஜ் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ64ஐ நிறுவி, பிராசஸரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எல்லா கோரும் சேர்ந்து ஓடும் வேகம், அப்போதைய விகோர் (கோர்களுக்குப் போகும்) வோல்ட்டேஜ், உச்ச வெப்பம், கிடைத்த ஸ்கோர். இந்த நான்கும் இல்லாமல் மேலே போனால் நீங்கள் செய்தது முன்னேற்றமா பின்னடைவா என்றே தெரியாது. டீஃபால்ட்டிலேயே 95 டிகிரியைத் தொடுகிறது என்றால் முதலில் கூலரைக் கவனியுங்கள், தூசி, தெர்மல் பேஸ்ட், ஃபேன் திசை, கேஸில் காற்றோட்டம் என்று. (ரைசன் 7000 வரிசையில் முழு வேலையின்போது 95 டிகிரி வரை போவது ஏஎம்டி திட்டமிட்டதே. அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம், ஆனால் கையால் ஏற்ற அங்கே இடமும் இல்லை.)

இன்டெலில் கையால் ஏற்றுவது

பிராசஸரின் வேகம் என்பது 100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக்கை மல்டிப்ளையரால் பெருக்கியது. மல்டிப்ளையரை மட்டும் மாற்றுங்கள், பேஸ் கிளாக்கை விட்டுவிடுங்கள். பல போர்டுகளில் பிசிஐஇ உட்பட மற்ற பகுதிகளும் அதையே பிடித்துக்கொண்டு ஓடுவதால், கொஞ்சம் நகர்த்தினாலும் எஸ்எஸ்டி தடுமாறலாம்.

பி கோர்களுக்கு (வேகமான பெரிய கோர்கள்) எல்லாவற்றுக்கும் ஒரே மல்டிப்ளையர் வைத்து, இப்போது ஓடுவதைவிட ஒன்று கூட்டுங்கள், 47 என்றால் 48. ஈ கோர் (சிறிய, சிக்கனமான கோர்), ரிங் (கோர்களை இணைக்கும் பாதை) இரண்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். வோல்ட்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள், ஏனென்றால் மல்டிப்ளையர் ஏறும்போது ஆட்டோ என்ன கொடுக்கும் என்பது போர்டின் கையில் போய்விடும். அடாப்டிவ் அல்லது ஆஃப்செட் முறையில், முன்பு குறித்து வைத்த வோல்ட்டேஜுக்குப் பக்கத்திலேயே தொடங்குங்கள். சேவ் செய்து, விண்டோஸுக்குள் போய், சினிபெஞ்ச் பத்து நிமிடம். தாண்டிவிட்டதா, இன்னும் ஒன்று கூட்டுங்கள். கிராஷ் ஆகிறதா, 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டிப் பாருங்கள்.

இப்படிப் போகப் போக ஒரு திருப்பம் வரும், அதைப் பிடிப்பதில்தான் எல்லாத் திறமையும் இருக்கிறது. உதாரணத்துக்கு, 4.8க்கு 1.20 வோல்ட் போதும், 4.9க்கு 1.23, 5.0க்கு 1.27 என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக்கொண்டே வந்த சிப், 5.1க்குத் திடீரென்று 1.36 கேட்கும். அங்கேயே நின்று 5.0க்குத் திரும்பிவிடுங்கள். அந்தக் கடைசி 100 மெகாஹெர்ட்ஸ் 2 சதவீத வேகம், அதற்குக் கொடுக்கும் விலை சுமார் 17 சதவீத மின்சக்தி. ஒரே மாடலில் இரண்டு பிராசஸர் வாங்கினாலும் இந்தத் திருப்பம் வேறு வேறு இடத்தில் வரும், ஆகவே அடுத்தவர் எடுத்த எண்ணைப் பார்த்து அதை அப்படியே உங்கள் பயாஸில் போடாதீர்கள், வேகத்தைக்கூடப் போட்டுப் பார்க்கலாம், வோல்ட்டேஜைக் கூடவே கூடாது.

எத்தனை வோல்ட் பாதுகாப்பு? அண்மைத் தலைமுறைகளில் முழுச் சுமையின்போது அளக்கும் விகோர் 1.30ஐத் தாண்டாமல் இருப்பதைத்தான் நான் விரும்புவேன், 1.35 என் கணக்கில் கடைசி எல்லை. பெரும்பாலான கூலர்களில் அதற்கு முன்பே வெப்பம் உங்களை நிறுத்திவிடும். ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் 90 டிகிரிக்குக் கீழே, சாதாரணக் கேமில் 75 டிகிரிக்குக் கீழே என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. மாடலைப் பொறுத்து 100 டிகிரியையொட்டிப் பிராசஸரே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அந்தக் காப்பை நம்பித் தினமும் ஓட்டுவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

லோட்லைன்: தெரியாமல் மாற்றினால் கடிக்கும்

பயாஸில் எல்எல்சி (லோட்லைன் காலிப்ரேஷன்) என்ற ஒரு செட்டிங் இருக்கும், சுமையில் இறங்கும் வோல்ட்டேஜை எவ்வளவு ஈடுகட்டுவது என்பதை அது தீர்மானிக்கும். பிராசஸர் அதிக மின்னோட்டம் இழுக்கும்போது அதற்குப் போய்ச் சேரும் வோல்ட்டேஜ் குறையும், மாடித் தொட்டியிலிருந்து வரும் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் மெலிந்து வருவது மாதிரி. 150 ஆம்பியர் இழுக்கும்போது பாதையில் 1 மில்லிஓம் தடை இருந்தால் 0.15 வோல்ட் குறைந்துவிடும். இது குறைபாடு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சுமை சட்டென்று விலகும் நொடியில் வோல்ட்டேஜ் எகிறும், ஏற்கெனவே தாழ்வாக இருந்தால் எகிறினாலும் ஆபத்தான உயரத்துக்குப் போகாது.

எல்எல்சியை உச்சத்தில் வைத்து இந்த இறக்கத்தை முழுவதும் இல்லாமல் ஆக்கினால் மென்பொருளில் கோடு நேராக அழகாகத் தெரியும். ஆனால் சுமை விலகும்போது மைக்ரோநொடிகளுக்கு வரும் எகிறலை எச்டபிள்யூஇன்ஃபோவால் பார்க்கவே முடியாது, ஆசிலோஸ்கோப் வேண்டும். ஆகவே நடு அளவில் வையுங்கள், கொஞ்சம் இறங்கட்டும். இன்னொரு எச்சரிக்கை: அசூஸ் போர்டுகளில் எண் கூடக் கூட எல்எல்சி கடுமையாகும், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் பெரும்பாலும் எண் குறையக் குறையக் கடுமையாகும். "லெவல் 3" என்று யாரோ சொன்னதை வேறு கம்பெனி போர்டில் போட்டால் அர்த்தமே மாறிவிடும்.

ரைசனில் வேறு வழி

ரைசனில் எல்லா கோருக்கும் ஒரே வேகத்தைக் கையால் வைக்கும் பழைய முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிச் செய்தால் ஒற்றைக் கோர் பூஸ்ட் (ஒரு கோர் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்வது) போய்விடும், கேமில் டீஃபால்ட்டைவிட மெதுவாக ஓடும் நிலைகூட வரலாம். இங்கே ஒரு பெரிய குழப்பமும் உண்டு. ரைசன் சும்மா இருக்கும்போதும் ஒன்றிரண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போதும் 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அது இயல்பு, ஏனென்றால் அப்போது மின்னோட்டம் மிகக் குறைவு. அதைப் பார்த்துவிட்டு "அப்படியானால் 1.4 பாதுகாப்பானதுதானே" என்று எல்லா கோருக்கும் நிலையாக 1.4 வைத்து ரெண்டரிங் ஓட்டினால் சிப் வேகமாகத் தேயும். முழுச் சுமையில் பிராசஸர் தானாகவே வோல்ட்டேஜை நன்றாக இறக்கிக்கொள்வதை நீங்களே எச்டபிள்யூஇன்ஃபோவில் பார்க்கலாம்.

செய்ய வேண்டியது பிபிஓவை இயக்கி, கர்வ் ஆப்டிமைசரில் எதிர்மறை எண் கொடுப்பது. ரைசன் 5000 வரிசையிலிருந்து இது இருக்கிறது. ஒவ்வொரு படியும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்கும், மிச்சமாகும் வெப்பத்தையும் சக்தியையும் பிராசஸரே பூஸ்ட்டாக மாற்றிக்கொள்ளும். வோல்ட்டேஜைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவது! எனக்கு இன்றைய ஓவர்கிளாக்கில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

எல்லா கோருக்கும் மைனஸ் 10இல் தொடங்குங்கள், சரியாக இருந்தால் 15, பிறகு 20. மைனஸ் 30 என்று நேரே குதிப்பவர்கள்தான் அதிகம், ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டெல்லாம் தாண்டும், பிறகு ஒரு நாள் பிரவுசரில் எதையோ படித்துக்கொண்டிருக்கும்போது கணினி ரீஸ்டார்ட் ஆகும். காரணம், எதிர்மறைக் கர்வ் தடுமாறுவது பெரும்பாலும் லேசான வேலையில், ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான். அதனால் ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும் கோர்சைக்ளரை இரவு முழுவதும் ஓடவிடுங்கள், எந்தக் கோர் பிழை காட்டுகிறதோ அதற்கு மட்டும் 3 அல்லது 5 படி திரும்பக் கூட்டுங்கள். சிப்பின் மிகச் சிறந்த கோர்கள்தான் முதலில் தடுமாறும், அவற்றுக்கு ஏற்கெனவே குறைந்த வோல்ட்டேஜே கொடுக்கப்பட்டிருக்கும். பவர் லிமிட்டைப் போர்டின் விருப்பத்துக்குத் திறந்துவிடாமல் நீங்களே ஒரு எண் வையுங்கள்.

நிலையாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

விண்டோஸ் திறந்தது, கேம் ஓடியது என்பதெல்லாம் போதாது. சினிபெஞ்ச் வெறும் வடிகட்டி, தோற்றால் உறுதியாக நிலையில்லை, ஜெயித்தால் இன்னும் எதுவும் தெரியவில்லை. பிரைம்95, ஓசிசிடி, ஒய்-கிரஞ்சர் இவற்றில் இரண்டையாவது ஓட்டுங்கள். பிரைம்95 என்பது 1996இல் தொடங்கிய ஜிம்ப்ஸ் திட்டத்துக்காக மெர்சென் பகா எண்களைத் தேடும் மென்பொருள். ஏற்கெனவே விடை தெரிந்த கணக்குகளைப் போட்டு ஒப்பிடுவதால், கணினி உறையாமல் தப்பாகக் கணக்குப் போடுவதையும் பிடித்துவிடும். அதன் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை நிஜ வேலையைவிட மிக அதிகமாகச் சுடும் என்பதால் முதல் சில நிமிடங்கள் பக்கத்திலேயே இருந்து வெப்பத்தைப் பாருங்கள், 95ஐத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.

சோதனை ஓடும்போது எச்டபிள்யூஇன்ஃபோவில் கீழே இருக்கும் வீயா பிழை (விண்டோஸ் பதிவு செய்யும் வன்பொருள் பிழை) எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். அது பூஜ்ஜியமாகவே இருக்க வேண்டும். பிராசஸர் பிழையைத் தானே திருத்திக்கொண்டு ஓடினாலும் அங்கே எண் ஏறும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் என்ற பெயரில் 18 அல்லது 19 எண்ணுடன் பதிவுகள் இருந்தாலும் அதே அர்த்தம்தான், வோல்ட்டேஜ் பற்றவில்லை அல்லது வேகம் அதிகம். நீலத்திரையில் கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட் என்று வந்தாலும் முதல் சந்தேகம் கோர் வோல்ட்டேஜ் மேல்தான்.

ஸ்கோரையும் மறக்காதீர்கள். வேகம் ஏறியும் ஸ்கோர் ஏறவில்லை, அல்லது குறைகிறது என்றால் எங்கோ சூட்டால் வேகம் இறங்குகிறது, அல்லது ரைசனில் கிளாக் ஸ்ட்ரெட்ச்சிங் (வோல்ட்டேஜ் பற்றாதபோது பிராசஸரே கிளாக்கை நீட்டி மெதுவாவது) நடக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோவில் முழுச் சுமையின்போது எஃபெக்டிவ் கிளாக் என்ற வரிசை காட்டும் எண் சாதாரண கிளாக்கைவிட நன்றாகக் குறைவாக இருந்தால் அதுதான் விஷயம், திரையில் தெரியும் கிகாஹெர்ட்ஸ் வெறும் எண்.

மெமரியைத் திரும்ப இயக்கும்போது

பிராசஸர் நிலையான பிறகு எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்கி, மெம்டெஸ்ட்86 ஓட்டி, மேலே சொன்ன சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். ஏஎம்5 (ரைசன் 7000 முதல் வந்த சாக்கெட்) போர்டுகளில் எஸ்ஓசி வோல்ட்டேஜைக் (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) கட்டாயம் பாருங்கள். 2023இல் 7800எக்ஸ்3டி உட்படச் சில பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகியபோது, எக்ஸ்போவை இயக்கியதும் போர்டுகள் இந்த வோல்ட்டேஜை அதிகம் ஏற்றியது தெரியவந்து, ஏஎம்டி 1.30 வோல்ட் என்று உச்ச வரம்பு வைத்தது. பழைய பயாஸில் அந்த வரம்பு இருக்காது.

திரையே வராமல் போனால்

பதறாதீர்கள். டிடிஆர்5 கணினிகளில், செட்டிங் மாற்றிய பிறகு முதல் தடவை மெமரி டிரெய்னிங்குக்கு (மெமரியைச் சோதித்துப் பொருத்திக்கொள்வது) சில நிமிடங்கள் கருப்புத் திரையாகவே இருக்கும், உடனே அணைத்துவிட வேண்டாம். அதன் பிறகும் வரவில்லை என்றால் பவர் சப்ளையை அணைத்து, வயரைக் கழற்றி, போர்டின் கிளியர் சிமாஸ் பொத்தானை அழுத்துங்கள், அல்லது ஜம்பரைக் கொஞ்ச நேரம் இணையுங்கள். இரண்டும் இல்லை என்றால் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் வெளியே எடுத்து வைத்தால் பயாஸ் டீஃபால்ட்டுக்குத் திரும்பிவிடும்.

கடைசியாகக் கிடைத்த செட்டிங்கைப் பயாஸ் புரொஃபைலில் சேமிப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள், பயாஸ் புதுப்பித்தால் பெரும்பாலும் அந்தப் புரொஃபைல் அழிந்துவிடும். அறை வெப்பம் கூடும் மாதங்களில் ஒரு தடவையும், கூலரைக் கழற்றி மாட்டிய பிறகு ஒரு தடவையும் சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். அப்போது பிழை வந்தால் வோல்ட்டேஜைக் கூட்டாமல் மல்டிப்ளையரில் ஒன்றைக் குறையுங்கள்.